கடிக்கும்போது கேட்கும் வியட்நாமியம்

2019 பிப்ரவரி, தெத் புத்தாண்டு முடிந்த கையோடு, சைகோனின் கோ வாப் பகுதியில் ஒரு வீட்டு மாடி அறைக்குக் குடிபோனேன். அரசுப் பதிவில் அது ஹோ சி மின் நகரம். அங்கே வாழ்கிறவர்கள் வாயில் இன்றும் சைகோன்தான். ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது 72 வயது. 1954இல் நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது ஹைபோங் துறைமுகத்தில் கப்பலேறித் தெற்கே வந்த பல லட்சம் பேரில் அவரும் ஒருவர். வந்தபோது ஏழு வயது. சொந்த ஊர் வடக்கே தாய் பின். அவரை 'பாக்' என்று கூப்பிட்டேன். நம் பெரியம்மா, பெரியப்பா இரண்டுக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான்.

முதல் நாள் இரவு கீழே சாப்பிடக் கூப்பிட்டார். பாய் விரித்து, நடுவில் வட்டத் தட்டு. தட்டில் கீரைச் சாறு, வறுத்த டோஃபு, ஒரு சின்னக் கிண்ணத்தில் நெல்லிக்காய் அளவில் வெள்ளை வெளேரென்று கத்தரிக்காய் ஊறுகாய். பெயர் கா ஃபாவ். 'கா' என்றால் கத்தரி, 'ஃபாவ்' என்றால் பட்டாசு. பாக் தன் சாப்ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பி, வாயில் படாத முனையால் ஒரு காயை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். நான் கடித்தேன். உள்ளே விதைப்பகுதி வெடித்துப் பூண்டும் உப்பும் தெறித்தன.

"ரோப்!" என்றார் பாக், என் வாய்க்குள் நடந்ததை வெளியிலிருந்து சொல்வதுபோல. அடுத்து அவர் கேட்டது 'நன்றாக இருக்கிறதா' என்று அல்ல. "ஙே ஹோங்?" என்றார். கேட்டதா?

ஊறுகாய் நன்றாக ஊறியிருக்கிறதா என்பதை அந்த வீட்டில் காதால்தான் முடிவு செய்தார்கள். 'ரோப்' வராத காய் வீணாய்ப் போன காய். அன்றிலிருந்து ஐந்து வருடம், வியட்நாமிய மொழியில் சாப்பாட்டுச் சத்தத்துக்கு இருக்கும் சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மொழி படிக்கும் தமிழர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வியட்நாமியத்தில் ஆறு தொனிகள்; குரல் ஏறி இறங்கும் விதம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். தமிழ் எழுத்தில் தொனியைக் காட்ட வழியில்லை. இங்கே நான் எழுதுவது ஒலியின் எலும்புக்கூடு மட்டும். சதையை ஒரு வியட்நாம்காரர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும்.

தொடக்கத்தில் நான் செய்தது தப்பான வேலை. கைபேசியில் தேடி நாற்பது ஒலிச்சொற்களைப் பட்டியலாக எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் போட்டு மனப்பாடம் செய்தேன். இரண்டு வாரத்தில் ஒன்றும் நிற்கவில்லை. நின்ற நாலைந்தையும் எங்கே சொல்வது என்று தெரியவில்லை. காரணம் பிறகு புரிந்தது. இந்தச் சொற்கள் தனியாக நடமாடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வினைச்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். 'ஞாய்' என்றால் மெல்வது. மொறுமொறுப்பானதைச் சத்தமாக மென்றால் 'ஞாய் ராவ் ராவ்'. 'ஹூப்' என்றால் கிண்ணத்திலிருந்து உறிஞ்சுவது. சுடச்சுட நூடுல்ஸ் சாற்றை உறிஞ்சினால் 'ஹூப் சீ சுப்'. 'தூ' என்றால் பாட்டிலையோ கெண்டியையோ வாயில் வைத்துக் குடிப்பது. அப்படி மடமடவென்று குடித்தால் 'தூ உங் உக்'. நாம் 'மடமடவென்று மென்றான்' என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அங்கேயும் அப்படித்தான். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம் என்று மறுபடி தொடங்கினேன். கடிப்பதற்கு ஒரு பக்கம், மெல்வதற்கு ஒரு பக்கம், உறிஞ்ச, சப்ப, விழுங்க, கொறிக்க என்று. ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

தமிழ் வாய்க்கு இந்த மொழியில் சில வசதிகள் உண்டு. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் சொல்லின் முதலில் வரும் ங-வையும் ஞ-வையும் உச்சரிக்கப் படாதபாடு படுவார்கள். நமக்கு அவை அரிச்சுவடியிலேயே இருக்கின்றன. சின்ன வயதில் 'ஙப்போல் வளை' என்பதைத் தாண்டி ங-வில் தொடங்கும் சொல்லை நான் பார்த்ததில்லை. சைகோனில் ருசியாக இருந்தால் 'ஙோன்', இனிப்பாக இருந்தால் 'ஙோத்'. நாள் முழுக்க ங-தான். 'உங் உக்' என்று எழுதினேனே, அதில் வரும் உகரத்துக்கு உதட்டைக் குவிக்கக் கூடாது. 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, நம் குற்றியலுகரம், அதுவேதான். அதைச் சொல்லின் கடைசியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தால் போதும்.

ஆனால் அதே குற்றியலுகரம் இன்னொரு இடத்தில் காலை வாரியது. தமிழ் வாய் வல்லின மெய்யில் முடிக்கப் பிடிக்காமல் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடும். நான் 'ரோப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்குக்குப் புரியவே இல்லை. மூன்று தடவை சொன்ன பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து, தன் உதட்டைக் காட்டினார். 'ரோ' என்று திறந்து, டக்கென்று உதட்டை மூடி, அப்படியே நிறுத்திவிட்டார். மூடிய உதடு மறுபடி திறக்கவே இல்லை. காற்றும் வரவில்லை. அப்போதுதான் பிடிபட்டது. காயைக் கடித்து வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்குமோ அந்த நிலையில் சொல் முடிகிறது. 'ஹூப்' என்ற வினைச்சொல்லும் அப்படியே. உறிஞ்சி, வாயை மூடி, உள்ளே வைத்துக்கொள்வது. கண்ணாடி முன்னால் நின்று, சொல்லி முடித்ததும் உதடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு உதவிய ஒரே பயிற்சி அதுதான்.

அடுத்ததை எனக்குக் காட்டியது ஒரு பள்ளிக்கூட நோட்டு. பாக்கின் பேத்தி நாலாம் வகுப்பில் இருந்தாள். அப்போது அங்கே நாலாம் வகுப்பு மொழிப்பாடத்தில் 'தூ லாய்' என்று ஒரு பகுதி இருந்தது. ஒரே ஒலி திரும்பவோ கொஞ்சம் மாறியோ அடுக்கி வரும் சொற்கள். நம் இரட்டைக்கிளவிக்கு மிக நெருங்கியது. ஒரு மாலை அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, என் நோட்டில் இருந்தவற்றை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

ரோப்: ஒரு கடி. தொடர்ந்து கடித்தால் ரோம் ரோப்.
சோத்: முள்ளங்கியையோ பச்சைக் கிழங்கையோ கடிக்கும் சத்தம். தொடர்ந்தால் சோன் சோத்.
சுத்: வாயைக் குவித்துச் சப்பும் சத்தம். தொடர்ந்தால் சுன் சுத்.
உக்: ஒரு மடக்கு. தொடர்ந்தால் உங் உக்.

எழுதியிருந்ததை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ப்-க்கு முன்னால் ம். த்-க்கு முன்னால் ன் (நம் கணக்கில் ந்). க்-க்கு முன்னால் ங். சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது. ஐந்தாம் வகுப்பில் 'கங, சஞ, டண, தந, பம' என்று இன எழுத்துகளை ஒப்பித்த பையனுக்கு, முப்பது வருடம் கழித்து, சாப்பாட்டுச் சத்தத்தில் அந்த வாய்ப்பாடு மறுபடி கேட்கிறது. வல்லினத்தில் முடியும் சொல்லை இரட்டிக்கும்போது, முன்னால் வரும் பாதியில் வல்லினம் தன் இனமான மெல்லினமாக மெலிந்துவிடுகிறது. தமிழுக்கும் வியட்நாமியத்துக்கும் குடும்ப உறவு கிடையாது. அது கம்போடியாவின் கெமர் மொழியின் குடும்பம். இருந்தாலும் ஒலி பிறக்கும் இடம் வாய்தானே. உதட்டில் பிறக்கும் வல்லினத்துக்கு உதட்டில் பிறக்கும் மெல்லினம், அடிநாக்குக்கு அடிநாக்கு.

இது விதிவிலக்கே இல்லாத சட்டம் அல்ல. வெற்றிலை மெல்லும் 'தோப் தேப்' என்பதில் இரண்டு பாதியும் ப்-இல்தான் முடிகின்றன. அங்கே உயிரெழுத்து மாறுகிறது. ஆனால் புதிதாக ஒரு சொல்லைக் கேட்டு, முன்பாதி சரியாகக் காதில் விழாவிட்டால், பின்பாதியை வைத்து முன்பாதியை ஊகிக்க இந்த இன எழுத்து வழி எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்தது. நம் 'கடகட', 'மொறுமொறு' ஒலி மாறாமல் அப்படியே இரட்டிக்கும். அதனால் தமிழர்கள் பழக்கத்தில் 'ரோப் ரோப்' என்று சொல்லிவிடுவார்கள். புரியும், ஆனால் பட்டாசு இரண்டு முறை வெடித்தது போல இருக்கும். விடாமல் மெல்லும் ஓட்டம் அதில் வராது.

தொனியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆறு தொனிகளும் இரண்டு அணியாகப் பிரியும். மேலே மூன்று, கீழே மூன்று. இரட்டிக்கும் சொல்லின் இரண்டு பாதியும் பொதுவாக ஒரே அணியில் நிற்கும். ரோம் ரோப் இரண்டும் மேலே. சோன் சோத் இரண்டும் கீழே. நாளாக நாளாக என் காதுக்கு இன்னொன்றும் பட்டது. மேலணியில் இருப்பவை பெரும்பாலும் காய்ந்த, லேசான, உடையும் சத்தங்கள்: ரோம் ரோப், ராவ் ராவ், விதை கொறிக்கும் தீ தாச். கீழணியில் ஈரமும் கனமும் ஆழமும்: உங் உக், சீ சுப், பானை கொதிக்கும் சுங் சுக், வயிறு பசியில் புரளும் ஓங் ஓக். இதை இலக்கணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனத்தில் பதியவைக்க ஒரு கொக்கியாக எனக்கு நன்றாகவே உதவியது.

ஒற்றையும் இரட்டையும் வேறு வேறு வேலை செய்கின்றன. நாம் 'மடக்கென்று குடித்தான்' என்றால் ஒரு மடக்கு. 'மடமடவென்று குடித்தான்' என்றால் பாட்டில் காலி. அங்கேயும் 'உக்' ஒரு மடக்கு, 'உங் உக்' தாகத்தோடு நிறுத்தாமல் குடிப்பது. தெற்கத்திக்காரர்கள் ஒற்றைக்கு முன்னால் 'காய்' என்ற சின்னச் சொல்லைச் சேர்ப்பார்கள். 'காய் ரோப்', 'காய் உக்'. நம் 'டக்கென்று', 'நறுக்கென்று' என்பதில் 'என்று' செய்யும் வேலையை அது செய்கிறது. இதைப் பிடித்துக்கொண்ட பிறகு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் என் பேச்சு சட்டென்று இயல்பாகிவிட்டது என்று அங்கிருந்த பெண்களே சொன்னார்கள்.

அந்தப் பெண்களிடம்தான் தெற்கு உச்சரிப்பைக் கற்றேன். மரக்காதுக் காளானைக் கடித்தால் ஒரு சத்தம் வரும். உடையவும் செய்யும், கொஞ்சம் இழுக்கவும் செய்யும். பன்றிக்காது, குருத்தெலும்பு, தாமரைத் தண்டு எல்லாம் அந்த வகை. பாக் அதை 'சன் சத்' என்பார். மேகாங் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் 'சங் சக்' என்றார்கள். இரண்டையும் வேறு சொல் என்று நினைத்து நோட்டில் இரண்டு வரியாக எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் எழுதிக் காட்டச் சொன்னேன். ஒரே எழுத்து, ஒரே சொல். தெற்கே இப்படிப்பட்ட சொற்களில் கடைசி த் க்-ஆக மாறும், ன் ங்-ஆக மாறும். கவனியுங்கள், இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. உச்சரிப்பு மாறினாலும் இன எழுத்து ஜோடி பிரியவில்லை. அதனால் காதில் விழுந்ததை மட்டும் நம்பாமல், 'எழுதிக் காட்டுங்கள்' என்று கேட்டுவிடுவது நல்லது. கைபேசியில் வியட்நாமிய விசைப்பலகையைப் போட்டு, தொனிக் குறிகளோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். குறி இல்லாமல் எழுதி வைத்ததில் பாதியை ஒரு மாதம் கழித்து என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

இந்தச் சன் சத் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் இன்னும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நமக்கு மொறுமொறுப்பு என்றால் பெரும்பாலும் வறுத்தது. மாங்காய்க்கு நறுக், முறுக்குக்குக் கடுக்மொடுக். ஆனால் மொறுமொறுப்பும் மெல்லும் இழுவையும் சேர்ந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து, அதைச் சாப்பாட்டின் உயர்ந்த குணமாக மதிப்பது அவர்களுடைய சமையல். ஒலிச்சொல் எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கே அந்த மக்களின் நாக்கு கூர்மையாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

இனி, நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கும் ஒரு மதியம். உடன் வேலை செய்த ஒரு பெண், மேகாங் கரையில் மீ தோ ஊரில் தன் தாத்தாவின் திதிக்கு என்னை அழைத்திருந்தாள். அங்கே திதி என்பது அழுகை நாள் அல்ல, உறவெல்லாம் கூடிச் சாப்பிடும் நாள். அவளுடைய அப்பா என் எதிரே உட்கார்ந்து, அரிசித்தாளில் மீனும் புதினாவும் வாழைக்காயும் வைத்துச் சுருட்டி, வாய்நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நோட்டில் 'வாய் நிறைய உணவு வைத்து மெல்லுதல்' என்று அர்த்தம் எழுதியிருந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது. 'ஞோம் ஞுவாம்'. சொன்னேன்.

தட்டைச் சுற்றி எல்லார் கையும் நின்றது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அப்பாதான் முதலில் சிரித்தார். இன்னொரு சுருளைச் செய்து என் கிண்ணத்தில் வைத்து, "சாப்பிடுங்க" என்றார். திரும்பி வரும் வழியில் அவள் விளக்கினாள். ஞோம் ஞுவாம் என்பது வளர்ப்பில்லாதவன், வாயை மூடாமல் அசிங்கமாகத் தின்கிறவன் என்ற தொனியில் சொல்வது. கதைகளில் பேராசைக்காரர்களுக்கு வரும் சொல். அன்று அப்பாவைப் பார்த்து அவர் வீட்டிலேயே, தாத்தா திதியன்றே அதைச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் தொலைபேசியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனுஷர், நல்லபடியாக எடுத்துக்கொண்டார். நான் சொல்ல நினைத்ததற்கு அவர்களிடம் வேறு தொடர் இருக்கிறது. 'அன் ஙோன் மியெங்', வாய்க்கு ருசித்துச் சாப்பிடுவது.

அகராதி அர்த்தம் சொல்லும், முகம் சொல்லாது. ஒலிச்சொற்களில் பாதிக்கு மேல் சத்தத்தோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதினேன். குழந்தையைப் பற்றிச் சொல்லலாமா? விருந்தாளியைப் பற்றிச் சொல்லலாமா? என்னைப் பற்றி நானே சொல்லலாமா? பாக்கிடம் இந்த மூன்றையும் கேட்டு வாங்கினேன். பொதுவாகக் கண்டது இது. உணவின் குணத்தைச் சொல்லும் ரோம் ரோப், சன் சத் போன்றவை பாராட்டு. எங்கும் சொல்லலாம். ஆளின் வாயைச் சொல்லும் ராவ் ராவ், ஞோம் ஞுவாம், சப்புக்கொட்டும் சோப் சேப் போன்றவற்றில் கவனம் வேண்டும். சாப்பாட்டை மட்டும் பாராட்டுங்கள், ஆளைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்களையே சொல்லிக்கொள்ளுங்கள். 'நான் சீ சுப் என்று உறிஞ்சிவிட்டேன்' என்றால் சமைத்தவர் முகம் மலரும்.

ஒரே சொல் இடத்துக்கு இடம் மாறுவதும் உண்டு. 'தோப் தேப்' சாப்பாட்டுத் தட்டில் கேட்டால் குழந்தைக்குத் திட்டு விழும். அதுவே ஒரு கிழவி வெற்றிலை மெல்லும்போது வந்தால் அன்பான சொல். பாக்கின் பெரியம்மா மகள் ஒருவர் எப்போதாவது வருவார். எண்பதைத் தாண்டியவர், பல்லில் கறுப்புச் சாயம் ஏற்றிய பழைய தலைமுறை. முந்தானை மடிப்பில் நம் பாட்டிகள் வைத்திருப்பது போலவே பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. அவர் மெல்லுவதற்கு பாக் சொன்ன சொல் 'போம் பேம்'. இதில் பல் இல்லை, கடி இல்லை. இரண்டு உதடும் மெதுவாகக் கூடிக் கூடிப் பிரிகின்றன, அவ்வளவுதான். தமிழில் 'வெற்றிலை குதப்புதல்' என்கிறோமே, வேறு எதற்கும் பொருந்தாமல் வெற்றிலைக்கென்றே வைத்தது போன்ற அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டேன். 'வெற்றிலைச் சுருள்தான் பேச்சின் தலைவாசல்' என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. கிழவி ஒரு சுருளை எனக்கும் நீட்டினார். மென்றேன். நான் மெல்லும் சத்தத்தைக் கேட்டு, "இன்னும் போம் பேம் வரவில்லை, இவருக்குப் பல் அதிகம்" என்றார்.

தெருவுக்கும் கொஞ்சம் வருகிறேன். அரிசிமாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து சூடான சட்டியில் ஊற்றும் அப்பத்துக்குப் பெயர் பான் ஸேவ். ஸேவ் என்பது மாவு விழும்போது வரும் சத்தம். நாம் 'சுர்' என்போம். பெயர் சொன்னாலே சமைத்தாகிவிட்டது. அப்புறம் ஹூ தியூ கோ. ஹூ தியூ என்பது அரிசி நூடுல்ஸ், கோ என்றால் தட்டுவது. வண்டி ஒரு முக்கில் நிற்கும். பையன் ஒருவன் இரண்டு கட்டைகளை 'லோக் கோக்' என்று தட்டிக்கொண்டே சந்து சந்தாகப் போவான். மாடியிலிருந்து கை காட்டினால் போதும், கிண்ணம் வீடு தேடி வரும். ஆனால் வீட்டுக்குள் கிண்ணத்தைத் தட்டக் கூடாது. பேத்தி ஒருமுறை சாப்ஸ்டிக்கால் தட்டியதும் பாக் கையைப் பிடித்துக்கொண்டார். பசித்த ஆவிகளைக் கூப்பிடுவதாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெத் நாட்களில் வீட்டுக்குள் கேட்பது தீ தாச். சிவப்புச் சாயம் ஏற்றிய தர்பூசணி விதைகளை வந்தவர்கள் எல்லாம் முன்பல்லில் வைத்து உடைப்பார்கள். 1995இலிருந்து அங்கே பட்டாசு வெடிக்கத் தடை. தன் பிள்ளைகள் காலத்துத் தெத்தின் சத்தம் வேறு, பேத்தி காலத்துச் சத்தம் வேறு என்று பாக் சொல்லுவார். பேத்திக்குத் தெத் என்றால் விதை உடைபடும் சத்தம்தான்.

2021 ஜூலையில் நகரம் பூட்டப்பட்டது. கொரோனா சைகோனை மிக மோசமாகத் தாக்கிய மாதங்கள் அவை. செப்டம்பர் முடியும் வரை தெருவில் ஒரு வண்டி இல்லை, லோக் கோக் இல்லை. இரவில் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும். நான் மாடியில் தனியாக இருக்க வேண்டாம் என்று பாக் மூன்று வேளையும் கீழே கூப்பிட்டுவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை வரும் காய்கறிப் பையில் என்ன இருக்கிறதோ அதுதான் சமையல். பெரும்பாலும் முட்டைக்கோசும் பூசணியும். கடிப்பதற்குச் சத்தம் உள்ள எதுவும் இல்லை. கா ஃபாவ் ஜாடி இரண்டாவது வாரமே காலி. பாக் ஒரு நாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாய் செவிடாகிவிட்டது" என்றார்.

என்னிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டு உளுந்து அப்பளம் இருந்தது. மறுநாள் மதியம் எண்ணெய் காயவைத்துப் பொரித்தேன். பாக் அடுப்படியிலேயே நின்று பார்த்தார். அப்பளம் எண்ணெயில் விரிந்து கொப்பளம் கொப்பளமாகப் பொங்கியதைப் பார்த்து, அங்கே எள் தூவிச் சுடும் அரிசி அப்பளத்தின் பெயரைச் சொல்லி, அதன் தங்கச்சி என்றார். தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் வைத்தோம். பாக் ஒன்றை எடுத்து நொறுக்கினார். வீடே கேட்டது.

"உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"மொறுக்" என்றேன். கடைசிக் க்-ஐ அவர் சொல்லித் தந்தபடி மூடி, உகரம் ஒட்டாமல்.

பேத்திக்கு அப்போது பத்து வயது. வாயில் பாதி அப்பளம். முதல் அசையை விட்டுவிட்டு, கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டு, "ருக்" என்றாள். இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். தொடர்ந்து மென்றாள். இந்த இன எழுத்து விதியை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் என் வாய்ப்பாட்டை அவளிடம் சொன்னதே இல்லை. மென்றுகொண்டே, பாட்டியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு சொன்னாள்:

"ருங் ருக், ருங் ருக்."